காசு மாற்றும் ஜன்னல்

1990-களில் பாரிசில் ரயிலேறி பிரசல்ஸ், ஆம்ஸ்டர்டாம், கொலோன் என்று ஒரு சுற்று வரக் கிளம்பியவரின் பையில் நான்கு நாட்டுக் காசு இருந்தாக வேண்டும். பிரெஞ்சு பிராங்க், பெல்ஜிய பிராங்க், கில்டர், மார்க். பெயர்தான் ஒன்று, பிரெஞ்சு பிராங்க் ஒன்றுக்குப் பெல்ஜிய பிராங்க் ஆறு கிடைக்கும். இத்தாலிக்குள் போய்விட்டாலோ ஒரு காபிக்கே ஆயிரம் லிராவுக்கு மேல். அங்கே எல்லோருமே லட்சாதிபதிகள்!

பெரிய ஸ்டேஷன்களில் எல்லாம் காசு மாற்றும் ஜன்னல் இருக்கும். வாங்கும் விலை ஒன்று, விற்கும் விலை ஒன்று, பல இடங்களில் அதற்கு மேல் கமிஷனும் உண்டு. எல்லாம் சேர்ந்து நூற்றுக்கு நாலுதான் என்று வைத்துக்கொள்வோம். ஒரு காசு செலவழிக்காமல் பதினொரு முறை மாற்றினாலே 100 என்பது 64 ஆகிவிடும். அதிலும் நோட்டைத்தான் வாங்குவார்கள். சில்லறை பைக்குள் கிலுகிலுத்துக்கொண்டே ஊர் திரும்பும்.

திருட்டுக்குப் பயந்தவர்களுக்கு டிராவலர்ஸ் செக். வாங்கும்போது ஒரு கையெழுத்து, மாற்றும்போது கவுன்ட்டர்காரர் கண் முன்னே இன்னொன்று; இரண்டும் ஒத்துப்போக வேண்டும். செக் எண்களைத் தனித் தாளில் எழுதி வேறு பையில் வைப்பார்கள். செக் தொலைந்தால் அந்தத் தாளைக் காட்டித்தான் பணத்தைத் திரும்பக் கேட்க முடியும்.

2002 ஜனவரி 1 அன்று 12 நாடுகளில் யூரோ கைக்கு வந்தது. 2023-ல் குரோஷியாவும் 2026-ல் பல்கேரியாவும் சேர்ந்துகொண்டன. சுவிட்சர்லாந்து, செக், ஹங்கேரி, போலந்து, டென்மார்க், ஸ்வீடன் இன்னும் தனிக்காசுதான். ஆனால் ஸ்வீடனில் அந்த நாட்டு நோட்டைக் கண்ணால் பார்க்காமலே ஒரு வாரம் ஓட்டிவிடலாம். கார்டோ போனோ போதும். ஜெர்மனியில் அப்படி நம்பிப் போகாதீர்கள். ரொட்டிக்கடையில் கார்டை நீட்டினால் தலையசைத்து மறுப்பவர்கள் இன்றும் உண்டு.

பழைய ஜன்னல் போய்விட்டதா என்றால், இல்லை. ஏடிஎம் திரைக்குள் புகுந்துகொண்டிருக்கிறது. ப்ராகிலோ புடாபெஸ்டிலோ நம்மூர்க் கார்டைச் செருகினால், "உங்கள் நாட்டுப் பணத்திலேயே கணக்கிடட்டுமா?" என்று பணிவாகக் கேட்கும். ரூபாயில் தொகையைக் கண்டதும் மனசுக்கு இதமாக இருக்கும். கை தானாகச் சம்மதம் சொல்லப் போகும். சொல்லாதீர்கள். ரூபாய் என்றால் மாற்று விலையை வைப்பவர்கள் மெஷின்காரர்கள். பெரும்பாலும் அது நம் வங்கி போடுவதைவிட மோசம். கடையில் கார்டு தேய்க்கும்போதும் இதே கேள்வி வரும். அந்தந்த ஊர்க் காசையே தேர்ந்தெடுங்கள். அதன் பிறகும் நம் வங்கி தன் பங்குக்கு ஏதாவது பிடிக்கும் என்பது வேறு கதை. கிளம்புமுன் அதைக் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

வீட்டுப் பீரோவில் பழைய மார்க் நோட்டு கிடந்தால் தூக்கிப் போட வேண்டாம். ஜெர்மனியின் மத்திய வங்கி இன்றும் 1.95583 மார்க்குக்கு ஒரு யூரோ தருகிறது. அதற்குக் காலக்கெடு இல்லை. பிரெஞ்சு பிராங்க் நோட்டுக்கான கெடு 2012 பிப்ரவரி 17-ஓடு முடிந்துவிட்டது.