முதல் நைட் டியூட்டி

500 மில்லி டிரிப்ஸ், நாலு மணி நேரத்தில் ஏற வேண்டும். மில்லிக்கு 20 சொட்டு விழும் செட். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? நர்சிங் மாணவி தேர்வுத்தாளில் சட்டென்று 42 என்று எழுதிவிடுவார். அவரே வேலைக்குச் சேர்ந்து முதல் நைட் டியூட்டியில் கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டு எண்ணும்போது, இருபதைத் தாண்டுமுன் அடுத்த கட்டிலிலிருந்து குரல் வரும்: "சிஸ்டர், எங்க பாட்டில் முடிஞ்சிருச்சு!"

எண்ணிக்கை போச்சு. மறுபடி ஒன்றிலிருந்து.

படிக்கிற காலத்தில் கையில் ஒன்றிரண்டு நோயாளிகள்தான், தப்பினால் பிடிக்க டீச்சர் இருப்பார். இப்போது வார்டே அவர் தலையில். இந்தத் திகைப்புக்கு 'ரியாலிட்டி ஷாக்' என்று பெயர் வைத்து, 1974-இல் ஒரு புத்தகமே எழுதினார் அமெரிக்க நர்சிங் ஆய்வாளர் மார்லின் கிரேமர். நர்ஸுகள் ஏன் வேலையை விட்டுப் போகிறார்கள் என்பதுதான் அவருடைய கேள்வி. இன்னொரு நர்சிங் ஆய்வாளரான பட்ரீஷியா பென்னர் 1984-இல் இன்னும் நுணுக்கமாகச் சொன்னார்: கத்துக்குட்டி முதல் கைதேர்ந்தவர் வரை ஐந்து படிகள், புதிதாகப் பட்டம் வாங்கியவர் நிற்பது இரண்டாம் படியில். மூன்றாவதற்கு ஏற, ஒரே மாதிரி வார்டில் இரண்டு மூன்று வருடமாவது ஆகும்.

அமெரிக்காவில் 2002-இலும் ஸ்காட்லாந்தில் 2006-இலும் புது நர்ஸுகளுக்கு ஓராண்டுத் திட்டங்கள் தொடங்கின. ஆனால் திட்டத்தைவிட ஆள் முக்கியம். முதல் சில வாரங்கள் கூடவே நிற்கும் சீனியரை 'பிரிசெப்டர்' என்பார்கள். "புதுசா வந்திருக்காங்க, பாத்துக்கங்க" என்று வார்டு முழுவதிடமும் ஒப்படைத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். 'இவருக்கு இவர்' என்று பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும்.

மருந்து கொடுப்பதைவிடப் பலருக்கு நடுக்கம், ராத்திரி இரண்டு மணிக்கு டாக்டரை எழுப்புவது. அதற்கும் ஒரு வழி இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைக்கு வந்த 'எஸ்-பார்' முறை: நிலைமை, பின்னணி, கணிப்பு, தேவை, இந்த வரிசையில் பேச வேண்டும். "சார், 12-ஆம் பெட், பி.பி. 90/60, பல்ஸ் 120. நேத்துதான் வயித்துல ஆபரேஷன் ஆச்சு. உள்ளே ரத்தம் கசியுதோன்னு தோணுது. உடனே வந்து பாக்கணும்." அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் 'தோணுது' என்று துணிந்து சொல்ல, சீனியர் பக்கத்தில் நிற்கும்போதே நாலு முறை பேசிப் பழகியிருக்க வேண்டும்.

அடுத்த முறை வார்டில், கடிகாரத்தைப் பார்த்தபடி சொட்டு எண்ணும் சிஸ்டரைக் கண்டால், தலைபோகிற அவசரம் இல்லையென்றால், ஒரு நிமிடம் பொறுத்துக் கூப்பிடுங்கள்.