பெயர் சொல்லிக் கூப்பிடாத இடம்

தேர்வு நெருங்கும் மாதங்களில் சாங்கி விமான நிலையத்துக்குப் போனால், பெட்டி இல்லாத ஒரு கூட்டத்தைப் பார்க்கலாம். பாஸ்போர்ட் கிடையாது, டிக்கெட் கிடையாது. மேசைமேல் ‘டென் இயர் சீரிஸ்’ வினாத்தாள் தொகுப்பு, மஞ்சள் ஹைலைட்டர், ஐஸ் கரைந்துபோன பபுள் டீ. பக்கத்து நாற்காலியில் ஒரு டிஷ்யூ பாக்கெட். தோழி வரும்வரை அது ‘சோப்’ பண்ணிய, அதாவது பிடித்துவைத்த இடம். சிங்கப்பூரில் அதை எடுத்துவிட்டு உட்கார யாருக்கும் மனசு வராது. ‘ஓ’ லெவல், ‘ஏ’ லெவல் பிள்ளைகள் படிக்க விமான நிலையத்துக்குப் போவது இங்கே பல ஆண்டு வழக்கம். சாப்பாட்டுக் கடை மேசைகளைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு, பிறகு விமான நிலையமே தனி இடம் ஒதுக்கித் தர ஆரம்பித்தது.

குளிர்சாதனம் உண்டு, இரவு முழுக்கத் திறந்திருக்கும். அதெல்லாம் சரி. ஆனால் பெட்டிச் சக்கரங்கள் உருளும், குழந்தைகள் அழும், கூட்டம் கூட்டமாக ஆட்கள் பேசிக்கொண்டு போவார்கள். சத்தத்தை அளந்து பார்த்தால், ஈசூனிலோ தெம்பனிசிலோ உள்ள ஒரு வீவக அடுக்குமாடி நாலறை வீட்டைவிட அது அமைதியான இடம் என்று சொல்லிவிட முடியாது. அப்படியிருந்தும் அங்கே படிப்பு ஓடுகிறது என்கிறார்கள் பிள்ளைகள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

1976-இல் கோல், வெல்ஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆங்கிலம் பேசும் மாணவர்களிடம் எழுத்து வரிசைகளைக் காட்டி நினைவில் வைக்கச் சொன்னார்கள். பின்னணியில் ஜெர்மன் மொழிப் பேச்சு ஓடியது. மாணவர்களுக்கு ஜெர்மன் தெரியாது. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. இருந்தும் நினைவு பிசகியது. சத்தத்தைக் கூட்டியதும் குறைத்ததும் பெரிய வித்தியாசம் செய்யவில்லை என்று அடுத்தடுத்த ஆய்வுகள் காட்டின. பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் டிலன் ஜோன்ஸ் குழுவினர் இதை இன்னும் நெருங்கிப் பார்த்தார்கள். ‘க, க, க, க’ என்று ஒரே ஒலி திரும்பத் திரும்ப வந்தால் பாதிப்பு குறைவு. ‘க, ம, த, ப’ என்று மாறி மாறி வந்தால்தான் ஆபத்து. மாறுகிற ஒலிகளை நம் அனுமதி கேட்காமலே மூளை வரிசைப்படுத்திக்கொள்கிறது. நாம் மனப்பாடம் செய்யும் வரிசையும் அதுவும் மோதிக்கொள்கின்றன. ஏர்கானின் ஒரே சீரான இரைச்சலில் தனிம வரிசை அட்டவணை மனதில் ஏறுவதும், பேச்சரவத்தில் நழுவுவதும் இதனால்தான்.

மனப்பாடத்துக்கு எந்த மொழிப் பேச்சும் எதிரி. பாடத்தைப் படித்துப் புரிந்துகொள்ளும்போது கணக்கு கொஞ்சம் மாறுகிறது. அங்கே நமக்குப் புரிகிற பேச்சுதான் அதிகம் கெடுக்கிறது என்று 1988-இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொன்னது. ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்காவில் ஒரு காப்பிக்கடையில் புத்தகத்தை விரித்துப் பாருங்கள். பக்கத்து மேசையில் யாரோ ஊருக்குப் பணம் அனுப்பிய கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டிருப்பார். கண் வரியில் இருக்கும், மனசு அந்தப் பணத்தின் பின்னால் போயிருக்கும். அதே பிள்ளைக்குச் சாங்கியில் ஜப்பானியப் பயணிகளின் அரட்டை வெறும் சத்தம். (ஆங்கிலம், தமிழ், கொஞ்சம் மலாய், நண்பர்களிடம் பொறுக்கிய சீனம் என்று வளரும் சிங்கப்பூர்ப் பிள்ளைக்குப் புரியாத மொழி கிடைப்பதே கஷ்டம் என்பது வேறு விஷயம்.)

புரிகிற பேச்சிலும் ஒரு சொல்லுக்கு மட்டும் தனி அதிகாரம் உண்டு. அதைக் காட்டியது 1959-இல் நெவில் மோரே என்ற ஆய்வாளர் செய்த சோதனை. ஒரு காதில் கேட்பதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். மறுகாதில் வருவதைக் கண்டுகொள்ளக் கூடாது. மறுகாதில் ஒரே சொற்பட்டியல் 35 முறை ஒலித்தும் பிறகு யாருக்கும் நினைவில்லை. ஆனால் அந்தக் காதில் தங்கள் சொந்தப் பெயர் வந்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கவனித்துவிட்டார்.

நம் வீடு என்பது நம் பெயர் புழங்குகிற இடம். சமையலறையிலிருந்து ஒரு குரல், ‘தம்பிக்கு அந்தக் கணக்கைக் கொஞ்சம் சொல்லிக் குடு’ என்று கூடத்திலிருந்து ஒரு குரல், நடுவில் வசந்தம் ஒளிவழியில் தொடர். கூப்பிட்டதற்கு எழுந்து போய் ஒரு நிமிடத்தில் திரும்பினாலும், மனசு முழுசாகத் திரும்புவதில்லை. விட்டு வந்த வேலையின் மிச்சம் அடுத்த வேலையிலும் ஒட்டிக்கொண்டே வருவதை சோஃபி லெராய் 2009-இல் ஆய்ந்து எழுதினார். விமான நிலைய முனையத்திலோ ஆயிரம் பேர் நடமாடலாம். உங்களை ஒருவருக்கும் தெரியாது.

கைப்பேசியும் இப்படி நம்மைக் கூப்பிடுகிற வகைதான், ஆனால் சத்தமே போடாமல் கூப்பிடும். 2017-இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் வார்ட் குழுவினர் ஏறத்தாழ 800 பேரைச் சோதித்தார்கள். கைப்பேசி ஒலியடக்கி மேசையில் கிடந்தாலே மதிப்பெண் குறைந்தது. வேறு அறையில் வைத்தவர்கள் முந்தினார்கள். மற்றவர்கள் இதைத் திரும்பச் செய்து பார்த்தபோது சிலருக்கு இதே முடிவு வரவில்லை, ஆகவே இதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். வேறு அறையில் வைப்பதால் நஷ்டம் ஒன்றுமில்லை.

‘சத்தம் பழகிவிடும்’ என்று சொல்பவர்கள் நியூயார்க் கதையைக் கேட்க வேண்டும். மன்ஹாட்டனில் நெடுஞ்சாலைக்கு மேலேயே கட்டிய 32 மாடிக் குடியிருப்பு ஒன்றைப் பற்றிய ஆய்வு 1973-இல் வெளிவந்தது. கீழ்மாடிகளில் பல ஆண்டுகள் வளர்ந்த குழந்தைகளுக்கு, ஒலியில் நெருங்கிய இரு சொற்களைப் பிரித்தறிவது கடினமாக இருந்தது, வாசிப்பும் பின்தங்கியது. வாகன இரைச்சலை ஒதுக்கப் பழகிய மூளை, கூடவே பேச்சொலியின் நுணுக்கங்களையும் ஒதுக்கிவிட்டது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். பழக்கத்துக்கும் விலை உண்டு. நல்ல செய்தி ஜெர்மனியிலிருந்து வந்தது. 1992-இல் மியூனிக் விமான நிலையம் இடம் மாறியது. பழைய நிலையத்தின் அருகே வசித்த குழந்தைகளின் வாசிப்பும் நினைவும் பிறகு தேறின. புதிய நிலையத்தின் அருகே வசித்தவர்களுக்குச் சரிந்தன. விமான நிலையத்துக்கு வெளியே வாழும் பிள்ளைக்குக் கேடாக இருக்கும் இரைச்சல், கண்ணாடிச் சுவருக்குள் உட்கார்ந்த பிள்ளையை எட்டுவதில்லை.

இந்த ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது கிளாஸ், சிங்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் செய்த சோதனை. திடீர் திடீரென்று கடும் சத்தம் வரும் அறையில் ஆட்களை உட்கார வைத்தார்கள். சிலரிடம் மட்டும் ஒரு பொத்தானைக் காட்டி, ‘தாங்கவே முடியாவிட்டால் அழுத்துங்கள், சத்தம் நின்றுவிடும்’ என்றார்கள். அவர்கள் பெரும்பாலும் அழுத்தவே இல்லை. ஆனாலும் பிறகு கொடுத்த பிழைதிருத்தும் வேலையில் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். நிறுத்த முடியும் என்ற நினைப்பே போதுமானதாக இருந்தது. விமான நிலையத்தில் பக்கத்து மேசை தொல்லை தந்தால் பையை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போகலாம். வீட்டில் பாட்டியிடம் தொடரை நிறுத்தச் சொல்ல எந்தப் பிள்ளைக்கு வாய் வரும்?

எல்லாரும் சாங்கிக்குப் போக வேண்டியதில்லை. விக்டோரியா ஸ்திரீட்டில் 2005-இல் திறந்த தேசிய நூலகம் இருக்கிறது. வட்டார நூலகங்களும் சமூக மன்றங்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. அங்கும் போக முடியாத பிள்ளைக்காகப் பெற்றோரிடம் ஒன்று கேட்கலாம். தேர்வு முடியும்வரை சமையலறையிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். சொல்ல வேண்டியது இருந்தால், பிள்ளை பேனாவைக் கீழே வைக்கும் நேரம் பார்த்து, பக்கத்தில் போய்ச் சொல்லுங்கள்.