ஏர் பியூரிபையர் திடீர் "ஸ்டிரைக்"! ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீங்க. முதலில் மூடியைப் பாருங்க!

காரைக்கால்:-

வீட்டில் ஓடிக்கொண்டிருந்த ஏர் பியூரிபையர் திடீரென்று நின்றுவிட்டதா? "மிஷின் அவுட்" என்று தலையில் கை வைத்து உட்கார வேண்டாம். ரிப்பேர் கடைக்கு தூக்கிக்கொண்டு ஓடவும் வேண்டாம். வீட்டிலேயே 10 நிமிடம் சோதித்துப் பார்த்தால் பல மிஷின்கள் மறுபடி ஓட ஆரம்பித்துவிடும்.

ஆனால் ஒன்று. மிஷினை நம்பி, மூச்சு திணறும் பிள்ளையை வீட்டிலேயே வைத்திருப்பது மட்டும் கூடவே கூடாது!

இதுபற்றிய விவரம் வருமாறு:-

ராத்திரி 11 மணி

கோட்டுச்சேரி கொம்யூனைச் சேர்ந்த வரிச்சிக்குடியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். 6 வயது பேரனுக்கு இழுப்பு உண்டு. டாக்டர் கொடுத்த இன்ஹேலர் இருக்கிறது. அதோடு, பிரான்சில் இருக்கும் மாமா லீவில் வந்தபோது கொண்டுவந்த ஏர் பியூரிபையரும் இருக்கிறது.

ராத்திரி 11 மணிக்கு பையன் இருமுகிறான். பாட்டி சுவிட்சைப் போடுகிறார். மிஷினில் சத்தமே இல்லை.

"ஏங்க, மிஷின் ஓடலைங்க!"

"ஸ்க்ரூ டிரைவரை எடு. கழட்டிப் பாத்துடலாம்."

"சும்மா இருங்க. ஷாக் அடிச்சா யாரு பாக்கிறது?"

பாட்டி சொன்னதுதான் சரி. ஸ்க்ரூவைக் கழற்றினால் வாரண்டி போய்விடும். உள்ளே சில பாகங்களில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கரண்ட் தங்கியிருக்கும். வெளியே இருந்தே பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

முதல் சந்தேகம்: பிளக்

அதே சாக்கெட்டில் ஒரு டேபிள் லாம்பை சொருகிப் பாருங்கள். லாம்பும் எரியவில்லை என்றால் மிஷின் நிரபராதி. கோளாறு சாக்கெட்டில்.

பிரான்சிலும் நம்ம ஊரிலும் வோல்டேஜ் ஒன்றுதான், 230. அதனால் பயமில்லை. ஆனால் அந்த ஊர் பிளக்கின் கம்பி கொஞ்சம் மெலிசு. நம்ம சாக்கெட்டில் லொடலொட என்று ஆடும். கரண்ட் விட்டு விட்டுப் பாயும். சாக்கெட் சூடாகிக் கருகவும் வாய்ப்பு உண்டு. தரமான அடாப்டர் போட வேண்டும்.

அமெரிக்கா, ஜப்பான் மிஷின் என்றால் ஜாக்கிரதை! அங்கே வோல்டேஜ் இங்கே உள்ளதில் பாதிதான். அதற்கென்று செய்த மிஷினை இங்கே நேராக சொருகினால் புகைதான் வரும்.

கடலோர ஊர் என்பதால் உப்புக் காற்று வேறு. பிளக் கம்பியில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, காய்ந்த துணியால் நன்றாகத் துடைத்தால் போதும்.

இரண்டாவது சந்தேகம்: மூடி

பல மாடல்களில் பின்பக்க மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் மிஷின் ஓடவே ஓடாது. உள்ளே சுற்றும் விசிறியில் குழந்தைகள் விரலை விட்டுவிடக் கூடாது என்பதற்காக மூடியின் ஓரத்தில் ஒரு குட்டி சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். மூடி "டக்" என்று உட்கார்ந்தால்தான் அது அழுந்தும்.

தூசி தட்டிவிட்டு அவசரமாக மூடினால் ஒரு பக்கம் நூலளவு தூக்கி நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. கையால் நான்கு மூலையிலும் அழுத்திப் பாருங்கள்.

சில மாடல்களில் குழந்தைப் பூட்டு என்று ஒரு பட்டன் உண்டு. அது விழுந்திருந்தால் வேறு எந்தப் பட்டனை அழுத்தினாலும் அசையாது. அதை 3 முதல் 5 விநாடி வரை அழுத்திப் பிடித்தால் பூட்டு திறக்கும்.

பிளாஸ்டிக் உறையோடு ஓடும் மிஷின்!

மிஷின் சத்தம் போடுகிறது, காற்று மட்டும் வரவில்லை என்றால் பில்டரை வெளியே எடுத்துப் பாருங்கள். புது பில்டர் பிளாஸ்டிக் உறையில் வரும். உறையைப் பிரிக்காமலே மாட்டிவிடுவது பல வீடுகளில் நடக்கிற கூத்து. காற்று உள்ளே போக வழியில்லாமல் மிஷின் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்.

உறை இல்லை, ஆனால் பில்டர் கறுத்துப் போயிருக்கிறதா? அப்படியானால் அதன் ஆயுள் முடிந்தது. சாதாரணமாக 6 மாதம் முதல் ஒரு வருடம் வரை தாங்கும். ஆயுள் முடிந்ததும் சிவப்பு விளக்கு எரியும். சில மாடல்கள் புது பில்டர் போடும்வரை ஓட மறுத்து மொத்தமாகவே நின்றுவிடும். புது பில்டர் போட்டதும் "ரீசெட்" பட்டனை சில விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் விளக்கு அணையாது.

தண்ணீரில் கழுவலாமா?

முன்பக்கம் உள்ள வலையைக் கழுவலாம். நிழலில் நன்றாகக் காயவைத்து மாட்ட வேண்டும். உள்ளே மடிப்பு மடிப்பாக காகிதம்போல் இருக்கும் "ஹெப்பா" பில்டரில் தண்ணீர் படவே கூடாது.

இந்த ஹெப்பா சாமானியமானது அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா அணுகுண்டு தயாரித்த இடத்தில், கதிரியக்கத் தூசியைப் பிடிக்க உருவானது. 0.3 மைக்ரான் அளவுள்ள தூசியில் 10 ஆயிரத்துக்கு 9,997-ஐ பிடித்துவிடும். மனிதத் தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கழுவினால் இந்த இழைகள் சிதைந்துவிடும். மிஷின் ஓடும், விளக்கு பச்சையாகக்கூட எரியும். ஆனால் தூசி நேராக மூக்குக்கு வரும். நின்றுபோன மிஷினைவிட இது மோசம். ஏனென்றால் நாம் நம்பிக்கொண்டிருப்போம்!

எப்போதும் சிவப்பு விளக்கு

பில்டர் புதிதாக இருந்தும் சிவப்பு விளக்கு அணையவில்லையா? பக்கவாட்டில் சின்ன ஓட்டைக்குள் தூசியை அளக்கும் "சென்சார்" இருக்கிறது. அதன் கண்ணாடியில் அழுக்கு படிந்தால் பொய்க் கணக்கு சொல்லும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காய்ந்த பஞ்சுக் குச்சியால் மெதுவாகத் துடைக்க வேண்டும்.

துடைத்த பிறகும் சிவப்பா? அப்படியானால் மிஷின் உண்மையைத்தான் சொல்கிறது. கட்டிலுக்கு அடியில் பாருங்கள். கொசுவர்த்தி புகைந்துகொண்டிருக்கும்!

ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுவதும் எரிந்தால் 75 முதல் 137 சிகரெட் புகைத்த அளவு நுண்தூசி வெளியாகிறது என்று 2003-ம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. ஒரு பக்கம் கொசுவர்த்தி, மறுபக்கம் பியூரிபையர் என்றால் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றின கதைதான். இழுப்பு உள்ள பிள்ளைக்கு கொசுவலையே உத்தமம்.

வெளியே இருந்து வரும் தூசியும் குறைவில்லை. அறுவடை மிஷின் தூசி, வைக்கோல் புகை, ரோட்டுப் புழுதி எல்லாம் வீட்டுக்குள்தான் வருகிறது. வாஞ்சூரில் காரைக்கால் துறைமுகம் 2009-ம் ஆண்டு இயங்கத் தொடங்கிய பிறகு, நிலக்கரித் தூள் வீடுகளில் படிவதாக நாகூர் பகுதி மக்கள் பல முறை புகார் செய்து போராட்டமும் நடத்தியிருப்பது குறிப்பிடத்தக்கது.

இதற்கு மேல் கை வைக்காதீர்கள்

கருகிய வாடை, புகை, "பட்" என்ற சத்தம், தொட்டால் ஷாக். இதில் எது இருந்தாலும் மெயினை அணைத்து பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். அதற்கப்புறம் அது சர்வீஸ்காரர் வேலை.

பில்லையும் வாரண்டி அட்டையையும் பத்திரமாக வையுங்கள். வெளிநாட்டில் வாங்கிய மிஷினுக்கு இங்கே வாரண்டி செல்லாமல் போகலாம். "மோட்டார் போச்சு, போர்டு போச்சு" என்று யாராவது சொன்னால், கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். ரசீதும் கேளுங்கள்.

இங்கே வாங்கிய மிஷினுக்கு, வாரண்டி இருந்தும் கடைக்காரர் கைவிரித்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் 2 வருடத்துக்குள் போகலாம். ரூ.5 லட்சம் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு புகார் கட்டணம் கிடையாது.

பையன் என்ன ஆனான்?

வரிச்சிக்குடி வீட்டில் குற்றவாளி பிடிபட்டுவிட்டார். அன்று காலை தூசி தட்டியது பாட்டிதான்! மூடியின் இடது மூலை தூக்கி நின்றது. அழுத்தினார். "டக்" என்றது. மிஷின் ஓடியது. தாத்தா ஸ்க்ரூ டிரைவரை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

ஆனால் பையனின் அம்மா இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. மிஷின் ஓடாதது தெரிந்ததுமே டாக்டர் சொன்னபடி இன்ஹேலரைக் கொடுத்து, பையனை நிமிர்த்தி உட்கார வைத்து, கொசுவர்த்தியையும் அணைத்துவிட்டார். அரை மணியில் இருமல் அடங்கியது.

இன்ஹேலர் கொடுத்தும் இழுப்பு அடங்கவில்லை, விலா எலும்புக்கு நடுவே தோல் உள்வாங்குகிறது, பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் ஒரு நிமிடம்கூட தாமதிக்கக் கூடாது. 108-க்கு போன் போட வேண்டும். அல்லது கிடைத்த வண்டியில் காரைக்கால் அரசு பொது மருத்துவமனைக்கு கிளம்பிவிட வேண்டும்.

மிஷினை காலையில் பார்த்துக்கொள்ளலாம்!