விளையாடுவது சிறுவன் மட்டுமா?

வீடியோ விளையாட்டு என்றவுடன் நம்மில் பலருடைய மனக்கண்முன் தோன்றுவது பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவனின் உருவமே. பாடப்புத்தகம் ஒருபுறம் கிடக்கிறது. தட்டில் சோறு ஆறுகிறது. அவனோ இமை கொட்டாமல் திரையை நோக்கியிருக்கிறான். "இந்தப் பிள்ளையை எப்படித் திருத்துவது?" என்று பெற்றோர் கலங்குகின்றனர். பள்ளிக் கூட்டங்களிலும் பங்குக் கூட்டங்களிலும் இதுகாறும் நாம் கேட்டுவந்த அறிவுரைகள் பெரும்பாலும் இந்தச் சிறுவனை நோக்கிக் கூறப்பட்டவையே. ஆனால் அவன் வளர்ந்துவிட்டான் என்பதையும், அவனுடைய தாயும் தந்தையும் பாட்டனும்கூட இன்று அவனருகே அமர்ந்து ஆடுகின்றனர் என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தோமா?

போரூரிலிருந்து பூவிருந்தவல்லி செல்லும் சாலையில் உள்ள குமணன்சாவடியில், மாலை வேளையில் பேருந்துக்குக் காத்திருப்போரைச் சற்று உற்று நோக்கினால் போதும். கைப்பேசியில் வண்ண மிட்டாய்களை வரிசைப்படுத்துபவர் வேலை முடிந்து வீடு திரும்பும் நடுவயதுப் பெண்மணியாக இருக்கலாம். சவாரிக்குக் காத்திருக்கும் ஆட்டோ ஓட்டுநர் கேரம் காயைக் குறி பார்த்துக்கொண்டிருக்கலாம். பணி ஓய்வு பெற்ற பெரியவர், முகமறியாத ஒருவருடன் சதுரங்கம் ஆடிக்கொண்டிருக்கலாம். இவர்களுள் எவரும் தம்மை 'வீடியோ கேம் ஆடுபவர்' என்று சொல்லிக்கொள்வதில்லை. "சும்மா பொழுது போக்குகிறேன்" என்பதே அவர்கள் மறுமொழியாக இருக்கும்.

சாவடியும் விளையாட்டும்

இதில் வியப்படைய ஒன்றுமில்லை. சாவடி என்ற சொல்லே வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடத்தைக் குறிப்பது. அத்தகைய இடங்களிலும் கோயில் மண்டபங்களிலும் கல்தரையில் கீறப்பட்ட ஆடுபுலி ஆட்டக் கட்டங்களைத் தமிழகத்தில் பல ஊர்களில் இன்றும் காணலாம். தாயம் உருட்டியவர்களும் பல்லாங்குழியில் சோழி இட்டவர்களும் சிறுவர்கள் மட்டுமல்லர். நம் பாட்டிமாரும் பாட்டன்மாருமே. பெரியவர்கள் ஆடுவது நம் நாட்டிற்குப் புதிதன்று. அப்படியிருக்க, திரையில் ஆடும் ஆட்டம் மட்டும் சிறுவனுக்கே உரியது என்ற எண்ணம் எப்படி வந்தது?

அதன் வரலாற்றைச் சற்றே நோக்குவோம். அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் 'பாங்' என்னும் ஆட்டத்தை 1972-இல் வெளியிட்டது. 1978-இல் ஜப்பானிலிருந்து 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' வந்தது. காசு போட்டு ஆடும் கூடங்களில் ஆண்களே நிறைந்திருந்ததைக் கண்ட தோரு இவாத்தானி என்னும் ஜப்பானியர், பெண்களும் விரும்பி வரவேண்டும் என்ற நோக்கத்துடன் 1980-இல் 'பேக்-மேன்' ஆட்டத்தை உருவாக்கினார். ஆடுவோர் கூட்டம் ஒருதலையாக இருக்கிறது என்பதை அத்தொழிலில் இருந்தோரே அன்று உணர்ந்திருந்தனர்.

நம் ஊர்களுக்கு இவ்விளையாட்டு 1990-களில் தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைக்கும் கருவியாக வந்தது. வாங்க இயலாதவர்கள் மணிக் கணக்கில் வாடகை கொடுத்துக் கடைகளில் ஆடினர். 2000-க்குப் பின் கணினி மையங்கள் அவ்விடத்தைப் பிடித்தன. அக்கடைகளுக்குத் தனியே செல்லும் உரிமை யாருக்கு இருந்தது? சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்குமே. பெண் பிள்ளைகளை நாம் அனுப்பவில்லை. தாய்மாருக்கு நேரமும் இல்லை, அங்கு இடமும் இல்லை. ஆகவே, சிறுவனைத் தேர்ந்தெடுத்தது விளையாட்டன்று, கடை வாசலே.

அந்த வாசல் கைப்பேசியால் மறைந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் சேவையைத் தொடங்கியபின் இணையக் கட்டணம் நாடெங்கும் சரிந்தது. கடைக்குச் செல்லாமலே அனைவர் கையிலும் ஆட்டம் வந்து சேர்ந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, மும்பை நிறுவனமொன்று உருவாக்கிய 'லூடோ கிங்' ஆட்டம், வெவ்வேறு ஊர்களில் அடைபட்டிருந்த உறவினர்களை ஒரே பலகையைச் சுற்றி அமர்த்தியது. நம் தாயத்திற்கு நெருங்கிய உறவான அந்த ஆட்டத்தை முதியோர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

உலக நிலையும் இதுவே. அமெரிக்காவில் அத்தொழிலினரின் சங்கம் 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கே ஆடுவோரின் சராசரி வயது 36. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள்.

பெரியவர்களைப் பற்றிய ஆபத்து

வயது கூடியதால் ஆபத்து குறைந்துவிட்டதா? இல்லை, அதன் தன்மை மாறியது. சிறுவன் இழப்பது பெரும்பாலும் காலத்தையும் தூக்கத்தையும். சம்பளமும் வங்கிக் கணக்கும் உள்ள பெரியவரோ குடும்பத்தின் உணவையே பணயம் வைக்க வல்லவர். பணம் கட்டி ஆடும் இணைய ரம்மியால் கடனில் மூழ்கி உயிரை மாய்த்துக்கொண்டவர்களைப் பற்றிய செய்திகள் தமிழகத்தை உலுக்கின. அவர்களுள் பலர் மணமானவர்கள், பிள்ளைகளைப் பெற்றவர்கள்.

இதைத் தடுக்க 2021-இல் இயற்றப்பட்ட சட்டத்தை அவ்வாண்டு ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாது என்றது. 2022-இல் நீதியரசர் கே. சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கையைப் பெற்று அரசு புதிய சட்டம் கொண்டுவந்தது. சட்டமன்றம் இருமுறை நிறைவேற்றியபின் 2023 ஏப்ரலில் அதற்கு ஆளுநர் ஒப்புதல் அளித்தார். அவ்வாண்டு நவம்பரில், சட்டம் செல்லும் என்றும், ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாகக் கொள்ள இயலாது என்றும் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025-இல் வந்த மாநில விதிகள் பண ஆட்டங்களுக்குப் பதினெட்டு வயது நிரம்பாதவர்களைத் தடுத்தன. நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை அவற்றை மூடி வைக்கவும் ஆணையிட்டன. இறுதியாக, 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் இணையப் பண ஆட்டங்கள் அனைத்தையும் தடைசெய்தது. அச்சட்டம் ஆடுபவரைத் தண்டிக்கவில்லை. நடத்துபவரையும், விளம்பரம் செய்பவரையும், பணப் பரிமாற்றத்திற்குத் துணைபோகிறவரையுமே தண்டிக்கிறது. ஆடியவர் குற்றவாளி அல்லர், பாதிக்கப்பட்டவர் என்ற இந்த நோக்கு நம் குடும்பங்களுக்கும் நல்ல பாடமாகும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறையிலுள்ள தன் நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைநிலையையும் சேர்த்துள்ளது. நிறுத்த முயன்றும் இயலாமை, மற்றக் கடமைகளை விட ஆட்டத்திற்கே முதலிடம் தருதல், தீங்கு நேர்ந்தபின்னும் தொடர்தல்—இவையே அதன் அடையாளங்கள். ஒருவர் எத்தனை மணிநேரம் ஆடுகிறார் என்பது மட்டும் அளவுகோல் அன்று; அடையாளங்கள் சிறுவர்க்கு மட்டும் உரியனவும் அல்ல.

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, பிள்ளையைக் கண்டிக்கும் முன் பெற்றோர் தம் கைகளைப் பார்த்துக்கொள்ளட்டும். தந்தை தாமே திரையில் ஆழ்ந்தபடி, "போனைக் கீழே வை" என்றால் அச்சொல்லுக்கு வலிமை ஏது? உணவு வேளையிலும் குடும்ப செப வேளையிலும் எல்லாருடைய கைப்பேசிகளும் ஓரிடத்தில் வைக்கப்படட்டும். இவ்விதி வீட்டில் அனைவர்க்கும் பொதுவாகட்டும்.

இரண்டாவதாக, எளிய ஆட்டங்களை ஆடுவோரை இகழ வேண்டா. நாள் முழுதும் உழைத்த தாய் கால்மணி நேரம் ஆடுவது சோம்பலன்று; அது அவருக்குக் கிடைத்த சிறு திண்ணை. தனிமையில் இருக்கும் முதியவர் ஓயாமல் ஆடுகிறார் என்றால், கைப்பேசியைப் பறிப்பதற்கு முன் அவருடன் பேச யார் இருக்கிறார் என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். பேரப்பிள்ளை அவருக்கு எதிரில் அமர்ந்து ஓர் ஆட்டம் ஆடினால் இருவர்க்கும் நன்மையே.

மூன்றாவதாக, பணம் கேட்கும் ஆட்டம் எதுவாயினும் விலக்குவோம். கடன் பட்டவரை இழித்துப் பேசி மூலையில் தள்ளாமல், உண்மையைச் சொல்ல இடம் கொடுப்போம். மனநல உதவிக்கு மத்திய அரசின் 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.

2025 செப்டம்பர் 7-ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பட்ட கார்லோ அக்குட்டிஸ், பிளேஸ்டேஷன் ஆட்டங்களில் விருப்பமுள்ள இளைஞரே. அவர் விளையாட்டை வெறுக்கவில்லை. வாரத்திற்கு ஒரு மணிநேரம் என்று தமக்குத் தாமே வரம்பு இட்டுக்கொண்டார். பிறர் விதித்த தடை எளிதில் மீறப்படும். தாமே இட்ட வரம்பு நிலைக்கும். பதினைந்து வயதில் மறைந்த ஒருவர் காட்டிய இந்த அடக்கத்தை, அவரினும் மூத்தவர்களாகிய நாம் கற்றுக்கொள்ள வெட்கப்பட வேண்டியதில்லை.