48 பெரிதா, 64 பெரிதா?

1982, 83ஆம் ஆண்டுகளில் பிரிட்டனில் வீட்டுக்குக் கணினி வாங்க நினைத்த குடும்பங்கள் பெரும்பாலும் மூன்று பெயர்களை எடைபோட்டன: பிபிசி மைக்ரோ, சிங்க்ளேர் ஸ்பெக்ட்ரம், காமடோர் 64. ஸ்பெக்ட்ரத்தின் 48 கிலோபைட் மாடல் 175 பவுண்டுக்கு அறிமுகமானது. பிபிசி மைக்ரோவின் பி மாடல் 399 பவுண்டை எட்டியது. காமடோர் 64 அமெரிக்கச் சந்தைக்கு வந்தபோது அதன் விலை 595 டாலர். நடுத்தரக் குடும்பத்துக்கு இது பெருந்தொகை. காரணம் சொல்லாமல் செலவழிக்க முடியாது.

பெரும்பாலும் சொல்லப்பட்ட காரணம், பிள்ளைகளின் படிப்பு. பிபிசி தொலைக்காட்சி கணினிக் கல்வித் தொடர் ஒளிபரப்பியது. பள்ளிகள் வாங்கும் கணினிக்கு அரசு பாதி விலையைக் கொடுத்தது. பள்ளியில் இருக்கும் அதே கருவி வீட்டிலும் இருந்தால் நல்லது என்ற வாதம் வலுவானதுதான். வீட்டுக் கணக்கு எழுதலாம், கடிதம் தட்டலாம் என்பவை அடுத்த காரணங்கள். ஆனால் வாங்கிய பிறகு பல வீடுகளில் அதிகம் ஓடியவை விளையாட்டுகளே. ஆசைப்பட்ட பொருளோடு சிறு பயன்பாடு ஒன்று ஒட்டியிருந்தால் போதும், செலவு பற்றிய உறுத்தல் தணிந்துவிடுகிறது என்பதைக் கெய்னன், கிவெட்ஸ், நெட்சர் ஆகியோர் 2016இல் ஆய்வுக் கட்டுரையாக எழுதினர்.

அடுத்தது ஒப்பீடு. இங்கே எண்கள் ஆட்சி செய்கின்றன, ஏமாற்றவும் செய்கின்றன. 64 கிலோபைட் 48ஐவிடப் பெரியது என்பதில் ஐயமில்லை. ஆனால் காமடோர் 64ஐ இயக்கியதும், பேசிக் மொழியில் நிரல் எழுத 38,911 பைட்டுகள் மீதமுள்ளதாகத் திரையே அறிவிக்கும். மற்ற நினைவகத்தின் பெரும்பகுதி, பேசிக் இயங்கும்போது அதன் கைக்கு எட்டாது. 48 கிலோபைட் ஸ்பெக்ட்ரமோ அதே வேலைக்கு 41 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பைட்டுகளைத் தந்தது. பேசிக் பழக நினைத்த மாணவருக்குச் சிறிய எண் கொண்ட கணினியில்தான் இடம் அதிகம்.

வேகமும் அப்படியே. ஸ்பெக்ட்ரத்தின் இசட்80 செயலிக்கு 3.5 மெகாஹெர்ட்ஸ், காமடோரின் 6510 செயலிக்குச் சுமார் 1 மெகாஹெர்ட்ஸ். மூன்றரை மடங்கு வேகம் என்றுதான் விளம்பரத் தாளைப் பார்ப்பவர் நினைப்பார். ஆனால் நிரலில் உள்ள ஓர் எண்ணைச் செயலிக்குள் ஏற்ற இசட்80க்கு 7 கடிகாரத் துடிப்புகள் வேண்டும், 6510க்கு 2 போதும். கணக்கிட்டால் இரண்டுக்கும் ஏறத்தாழ 2 மைக்ரோ விநாடி! எல்லாக் கட்டளைகளும் இவ்வளவு பொருந்தி வராது என்றாலும், மெகாஹெர்ட்ஸை மட்டும் வைத்து வெவ்வேறு செயலிகளை ஒப்பிடக் கூடாது என்பதற்கு இந்த ஒன்றே போதும். ஒரே பேசிக் நிரலை எல்லாக் கணினிகளிலும் ஓட்டி நேரம் பார்க்கும் முறையை ரக், ஃபெல்ட்மன் இருவரும் 1977இலேயே வகுத்துத் தந்தனர். அத்தகைய சோதனைகளில் 2 மெகாஹெர்ட்ஸ் பிபிசி மைக்ரோ ஸ்பெக்ட்ரத்தை எளிதாக முந்தியது.

எண்ணின் கவர்ச்சி கணினியோடு நிற்பதில்லை. கிறிஸ்டோபர் ஷீ குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், பொருளைத் தாங்களே நேரில் பார்த்து மதிப்பிட முடிந்த நிலையிலும் மக்கள் பெரிய எண் போட்டதன் பக்கமே சாய்ந்தனர்.

வாங்கி முடித்த பிறகு ஒப்பீடு ஓய்வதில்லை, உருமாறுகிறது. அமெரிக்க உளவியலாளர் ஜாக் பிரேம் 1956இல் வெளியிட்ட சோதனையில், பெண்கள் பலர் ரொட்டி வாட்டும் கருவி, வானொலி போன்ற வீட்டுப் பொருள்களுக்கு மதிப்பளித்தனர். பிறகு இரண்டில் ஒன்றைத் தேர்ந்து பரிசாகப் பெற்றனர். மறுபடி மதிப்பிடச் சொன்னபோது, தேர்ந்த பொருள் உயர்ந்தது, கைவிட்டது தாழ்ந்தது. இரண்டும் முதலில் நெருக்கமாக இருந்தவர்களிடம் இந்த மாற்றம் அதிகம். இந்தச் சோதனை முறையில் புள்ளியியல் குறை உண்டு என்று 2010இல் சென், ரைசன் இருவரும் காட்டினர். அது நியாயமான விமர்சனம். குறையைக் களைந்து செய்த பிற்காலச் சோதனைகளிலும் விளைவு மறையவில்லை, அளவுதான் குறைந்தது.

வீட்டுக் கணினி உரிமையாளர்களின் வாதங்களில் இதைக் காணலாம். ஸ்பெக்ட்ரம் வைத்திருந்தவர் 256க்கு 192 புள்ளிகள் கொண்ட கூர்மையான திரையைப் புகழ்வார். எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டத்துக்குள் இரண்டு நிறங்களே அடங்கும் என்பதைச் சொல்லமாட்டார். காமடோர்காரர் மூன்று குரலில் இசைக்கும் ஒலிச் சில்லைப் போற்றுவார். பல நிறம் காட்டும்போது கிடைத்திசைப் புள்ளிகள் 160 ஆகக் குறைவதை விட்டுவிடுவார். இருவரும் பொய் சொல்லவில்லை. தம் கணினி வெல்லும் அளவுகோலை மனம் முன்னே எடுத்து வைக்கிறது, அவ்வளவே.

எனவே கணினி வாங்குபவர், அதில் செய்யப்போகும் வேலைகளைக் கடைக்குப் போகுமுன் எழுதிவைத்து, அந்த வேலைகளையே கடையில் ஓட்டிப் பார்ப்பது நல்லது. அதன் பிறகும் இரண்டு சமமாகத் தோன்றினால் விலை குறைந்ததையே வாங்கலாம்.