வீட்டுச் சர்வருக்கு உகந்த கோப்பு முறைமை

பிழைப்பை நாடி வந்த ஊரில் நம் குடும்பங்கள் போற்றிக் காப்பவற்றுள், பெரியோரின் படங்களும் குரற்பதிவுகளும் பிள்ளைகளின் சான்றிதழ்ப் படிகளும் தலையாயவை. பழைய கணினி ஒன்றில் லினக்ஸை நிறுவி, அதனையே வீட்டுச் சர்வராக்கி இவற்றைச் சேமிக்க விரும்பும் அன்பர்களுக்கு முதலில் எழும் வினா, எந்தக் கோப்பு முறைமையைத் தேர்வது என்பதே.

டிஸ்கில் எந்தக் கோப்பு எங்கே உள்ளது என்று கணக்கு வைக்கும் ஏற்பாடே கோப்பு முறைமையாகும். புயற்காலத்தில் மின்சாரம் திடீரென நின்றுபோதல் சூளூர்பேட்டைக்குப் புதிதன்று. எழுதும் வேளையில் அவ்வாறு நின்றால் கணக்குக் குழம்பும். 2008-இல் நிலைபெற்ற எக்ஸ்ட்4, செய்யப்போகும் மாற்றத்தை முன்னரே ஒரு குறிப்பேட்டில் பதிந்துகொள்கிறது. மின்சாரம் வந்ததும் அதனைப் பார்த்துக் கணக்கைச் சீர்செய்கிறது. 2001-இல் லினக்ஸுக்கு வந்த எக்ஸ்.எஃப்.எஸ். முறையும் அத்தகையதே.

ஆயினும், கோப்பின் உள்ளடக்கம் டிஸ்கிலேயே மெல்லச் சிதைந்தால் இவ்விரண்டும் அறியா. ரயிலில் பார்சலை ஏற்றுமுன் நிறுத்து எடையைச் சீட்டில் குறிக்கிறோம். சேருமிடத்தில் மீண்டும் நிறுத்தால் குறைவு புலப்படும். 2009-இல் லினக்ஸில் சேர்ந்த பி.டி.ஆர்.எஃப்.எஸ்., சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கிய இசட்.எஃப்.எஸ். ஆகியவை இவ்வாறே ஒவ்வொரு பகுதிக்கும் சரிபார்ப்பு எண் எழுதிவைத்து, படிக்குந்தோறும் ஒப்பிடுகின்றன. இரண்டு டிஸ்குகளில் ஒரே படியை வைத்தால், கெட்டதை நல்லதைக் கொண்டு தாமே திருத்தும். டிஸ்க் ஒன்றேயாயின் பெரும்பாலும் கேட்டை அறிவிப்பதோடு நின்றுவிடும். இசட்.எஃப்.எஸ். உரிம வேறுபாட்டால் லினக்ஸின் கருவில் இடம்பெறவில்லை; தனியே சேர்த்தல் வேண்டும்.

புதுமையில் மயங்குதலும் ஆகாது. பிகேஷ்எஃப்எஸ் என்னும் முறைமை 2024 ஜனவரியில் லினக்ஸின் கருவில் இடம்பெற்று, 2025-லேயே நீக்கப்பட்டது.

ஆகவே டிஸ்க் ஒன்றேயுள்ள இல்லத்துக்கு எக்ஸ்ட்4 போதுமானது. இரண்டு டிஸ்குகள் வாங்க இயன்றோர் பி.டி.ஆர்.எஃப்.எஸ். முறையில் இரட்டைப் படி வைத்து, மாதம் ஒருமுறை முழுச் சரிபார்ப்பை நடத்துவது நன்று.

எனினும் வெள்ளத்தையும் திருட்டையும் கைத்தவறுதலாக அழித்தலையும் எம்முறைமையும் தடுக்காது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் படியில்லாத ஓலைச்சுவடிகள் மீளாமலே போயின. பொங்கலுக்குச் சொந்த ஊர் செல்லும்போது, எல்லாவற்றையும் வெளி டிஸ்க் ஒன்றில் படியெடுத்து உறவினர் இல்லத்தில் வைத்து வருவோமாக. அடுத்த ஆண்டு சென்றதும் அதனைத் திறந்து பார்த்துப் புதியனவற்றையும் சேர்ப்போமாக.