நிலை தெரிந்தால் அச்சம் குறையும்

ஆண்டுக்கணக்கில் ஆறாத தோல் திட்டு புற்றுநோய் என்று தெரியவந்தால் எவரும் கேட்கும் முதல் கேள்வி, ‘இன்னும் எத்தனை காலம்?’ என்பதுதான். ‘மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ்’ எனும் அரிய தோல் நிணநீர்ப் புற்றுநோயைப் பொருத்தவரை, இதற்கு ஒரே விடை கிடையாது. நோயின் நிலையைப் பொருத்தே விடை அமையும்.

பாரீஸ் மருத்துவர் அலிபெர் 1806-இல் இந்நோயை முதன்முதலாக விவரித்தார். முற்றிய கட்டிகள் காளானைப்போல் தோன்றியதால் இப்பெயர் வந்தது. பூஞ்சைக்கும் இதற்கும் தொடர்பில்லை. இது தொற்றுநோயும் அல்ல. நோய் எதிர்ப்புக்கு உதவ வேண்டிய ‘டி’ செல்களே கட்டுப்பாடின்றிப் பெருகித் தோலில் குடியேறுகின்றன.

தோல், நிணநீர்க் கணு, உள்ளுறுப்பு, ரத்தம் ஆகிய நான்கையும் ஆராய்ந்து நிலை கணிக்கப்படுகிறது. விரல்கள் சேர்ந்த உள்ளங்கையின் பரப்பு உடற்பரப்பில் ஏறத்தாழ 1 சதவீதம். திட்டுகள் 10 சதவீதத்துக்குக் குறைவாக இருந்து, வேறெங்கும் நோய் இல்லையெனில் ‘1-ஏ’. அதற்கு மேற்பட்டால் ‘1-பி’. 1 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட கட்டி தோன்றினால் ‘2-பி’. உடலின் 80 சதவீதத்துக்குமேல் சிவந்துவிட்டால் மூன்றாம் நிலை. ரத்தத்தில் நோய்ச் செல்கள் மிகுந்தாலோ, நிணநீர்க் கணுக்களை நோய் ஆக்கிரமித்தாலோ, உள்ளுறுப்புகளுக்குப் பரவினாலோ நான்காம் நிலை.

லண்டனில் 1,502 நோயாளிகளை ஆராய்ந்து 2010-இல் வெளியான ஆய்வில், ஐந்தாண்டுகளுக்குப் பிறகும் உயிருடன் இருந்தோர் ‘1-ஏ’ நிலையில் 94 சதவீதம், ‘1-பி’யில் 84, ‘2-பி’யில் 47, உள்ளுறுப்புகளுக்குப் பரவிய நிலையில் 18. இவை எக்காரணத்தாலும் நேர்ந்த மரணங்களைச் சேர்த்த கணக்கு. பெரும்பாலோர் தொடக்க நிலையிலேயே கண்டறியப்படுகின்றனர். ‘1-ஏ’ நிலையினரின் ஆயுள், அதே வயதுடைய பிறரின் ஆயுளையே ஒத்திருக்கிறது. ஆனால், இவை ஒரு கூட்டத்தின் சராசரியே தவிர, தனி மனிதரின் தலையெழுத்து அல்ல.

தொடக்க நிலையில் களிம்பும் புற ஊதாக்கதிர் சிகிச்சையுமே பெரும்பாலும் போதும். ஆரம்பத்திலேயே கடுமையான கீமோதெரபி அளிப்பதால் ஆயுள் கூடுவதில்லை என்பதை 1989-இல் வெளியான ஆய்வு காட்டியது.

சிக்கல், நோயைக் கண்டறிவதில்தான். பார்வைக்கு இது படையாகவோ, கரப்பானாகவோ, சோரியாசிஸாகவோ தோன்றும். கருநிறத் தோலில் வெளிறிய தேமலாக வந்து, வெண்குஷ்டம், தொழுநோய் என்ற ஐயத்தையும் எழுப்பும். ஒருமுறை செய்த திசுப் பரிசோதனையில் தெளிவாகாமலும் போகலாம். எனவே, சிகிச்சைக்கு அடங்காத திட்டுக்கு மேன்மேலும் களிம்பை மாற்றுவதைவிட, மீண்டும் திசுப் பரிசோதனை செய்வதே அறிவுடைமை. நோயின் பெயரைச் சொல்லும்போதே அதன் நிலையையும் விளக்குவது மருத்துவரின் கடமை. அந்த ஒரு விளக்கம், நோயாளியின் பாதி அச்சத்தைப் போக்கிவிடும்.